நாணயத்துக்கும் கைரேகை உண்டு

முள்ளுத் தேன்குழல் பிழிகிற நாழியில், அச்சுத் தட்டின் ஒரு முள் மழுங்கிப் போயிருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த வீட்டில் பிழிகிற தேன்குழல் அத்தனையிலும் ஒரு வரி மொண்ணையாகவே விழும். தீபாவளிக்கு எட்டு வீட்டுத் தட்டுகள் வந்து குவிந்தாலும், "இது கோடி வீட்டு நாழி!" என்று அடையாளம் சொல்லிவிடலாம். அடுத்த வீட்டார் அந்த நாழியை இரவல் வாங்கிப் போனார்களோ, தீர்ந்தது. அவர்கள் வீட்டுத் தேன்குழலிலும் அதே மொண்ணை வரி விழுந்து, இரவல் சமாசாரத்தை ஊருக்கே சொல்லிவிடும்.

பழைய நாணயங்களை ஆராயும் பண்டிதர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக வருஷக் கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது ஏறக்குறைய இந்த மொண்ணை வரியைத்தான். இந்தக் காசும் அந்தக் காசும் ஒரே அச்சில் பிறந்தவையா, வேறு வேறு அச்சா? இது தெரிந்தால் அப்புறம் பல விஷயங்கள் வரிசையாகத் தெரிய வரும். இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டுமான வித்தை என்று எண்ண வேண்டாம். கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் வாசலைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது கைவந்த கலையாகவே இருக்க வேண்டும்.

காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. கீழ் அச்சைப் பட்டறையில் அசையாமல் பதித்திருப்பார்கள். அதன்மேல் செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துக் கொண்டு சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான், காசு தயார். சோழர் காலம், நாயக்கர் காலம், நவாபு காலம் எல்லாவற்றிலும் இதுதான் வழி. அச்சு வெட்டியவர் பொற்கொல்லர். உருவத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றி, உளியால் கையினாலேயே வெட்ட வேண்டும். அச்சு தேய்ந்தோ வெடித்தோ போனால் புதிதாக இன்னொன்று வெட்டுவார். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாவது அச்சு முதல் அச்சைப் போலவே அமையுமா? ஒரு புள்ளி தள்ளிப் போகும். ஓர் எழுத்தின் கால் நீளும். ராஜாவின் மூக்கு சற்றே கூர்மையாகிவிடும்!

ராஜராஜ சோழன் காசைப் பல பேர் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நிற்கிற மனிதர், மறு பக்கம் உட்கார்ந்த மனிதர், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்த செப்புக் காசு இது. பத்துக் காசுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 'ஜ' எழுத்து ஒன்றில் தடிமன், ஒன்றில் ஒல்லி. புள்ளிகளின் இடம் மாறியிருக்கும். இலங்கை மன்னர்களும் இந்த மாதிரியையே பின்பற்றினார்கள். பொலன்னறுவையில் அரசாண்ட லீலாவதி என்ற ராணிகூட இதே தினுசில், 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று தன் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டாள். பெயர் ராணியுடையது, நிற்கிற உருவமும் உட்கார்ந்த உருவமும் என்னவோ பழைய ஆண்பிள்ளையேதான்!

இனித் திருச்சிக்கு வருவோம். நத்தர்வலி தர்காவை அறியாத திருச்சிக்காரர் இருக்க முடியாது. அந்த மகானின் பெயரால் ஊருக்கு 'நத்தர்நகர்' என்றும் ஒரு பெயர் வழங்கியது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா அடித்த செப்புக் காசுகளில் சிலவற்றில் இந்த நத்தர்நகர்ப் பெயரைப் பாரசீக எழுத்தில் காணலாம். 1751, 1752-ஆம் வருஷங்களில் எதிரிப் படைகள் சூழ்ந்து நிற்க, இந்தத் திருச்சிக் கோட்டைக்குள்தான் அவர் தவித்துக் கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லும் காசுக்கு நம் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டல்லவா?

ஆனால் இந்தக் காசில் ஒரு சங்கடம். அச்சு பெரியது, வில்லை சிறியது. பெரிய இட்டிலித் துணியில் சின்னக் கரண்டி மாவை ஊற்றின கதை. அச்சில் உள்ள வாசகம் முழுவதும் எந்தக் காசிலும் விழுவதில்லை. ஒன்றில் பெயரின் தலை இருக்கும், ஒன்றில் வால் இருக்கும், ஒன்றில் நடுவயிறு மட்டும் இருக்கும். அப்படியானால் முழு வாசகத்தை எப்படிப் படிப்பது? இங்கேதான் அச்சு அடையாளம் கை கொடுக்கிறது. இரண்டு காசுகளிலும் பொதுவாக விழுந்திருக்கிற பகுதியில், அதே இடத்தில் அதே புள்ளி, அதே கோணல் கோடு இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அப்புறம் ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டிப் படிக்கலாம். ஐந்தாறு காசுகள் சேர்ந்தால் அச்சு முழுதும் கண்முன் வந்து நின்றுவிடும். ஆகவே, உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் கிடக்கும் அரைகுறைக் காசு, வேறு எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் அரைகுறைக் காசுக்குப் பாக்கிப் பாதியாக இருக்கக் கூடும். அதைப் பழைய செம்புப் பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டால் அந்த வாசகம் பாதியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு ரஸமான விஷயம், அச்சுகளின் கல்யாணம். சம்மட்டி அடியை நேரே தாங்குவது மேல் அச்சு. அதனால் அதற்கு ஆயுசு குறைவு. கீழ் அச்சு கெட்டியாக உட்கார்ந்திருக்க, மேல் அச்சு முறிந்து போனால் புது மேல் அச்சு வரும். ஒருவருக்கு இரண்டாம் தாரம் வாய்த்தது போல! கொஞ்ச நாளில் கீழ் அச்சும் போய்விடும். அப்போது மேல் அச்சுக்கு இன்னொரு ஜோடி. இப்படியே சம்பந்தி உறவாகச் சங்கிலி நீண்டு கொண்டே போகும். வருஷம் பொறிக்காத காசுகளில் எது முந்தி, எது பிந்தி என்று இந்தச் சங்கிலியைப் பிடித்துக் கொண்டே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அச்சில் விழுந்த விரிசலும் சாட்சி சொல்லும். விரிசல் முதலில் மயிரிழையாக இருக்கும், பிறகு தடிக்கும், கடைசியில் ஒரு துண்டே பெயர்ந்து போகும். மெல்லிய விரிசல் உள்ள காசு மூத்தது, தடித்த விரிசல் உள்ளது இளையது.

இந்த வித்தையில் பைத்தியமாகவே போனவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் 1793 முதல் 1857 வரை 'பெரிய செண்டு' என்று ஒரு செப்புக் காசு அடித்தார்கள். ஆரம்ப காலத்தில் அந்த அச்சுகளிலும் எழுத்துக்களையும் வருஷத்தையும் ஒவ்வொன்றாகக் கையினால்தான் குத்தினார்கள். அதனால் 1794-ஆம் வருஷத்துச் செண்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட ரகங்கள்! பிலடெல்பியாவில் எட்வர்டு மாரிஸ் என்று ஒரு டாக்டர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக இந்தக் காசுகளைப் பார்த்து, 1869-ல் அவற்றுக்குப் பட்டப் பெயர்களே சூட்டிவிட்டார். 'இரட்டை மோவாய்', 'தழும்புத் தலை', 'விழுந்த நாலு' என்றெல்லாம். நம் தெருவில் பட்டப் பெயர் வைக்கும் பாட்டிகள் தோற்றார்கள் போங்கள்! ஒரு ரகத்தின் பின்புற விளிம்பைச் சுற்றி 94 குட்டி நட்சத்திரங்கள் இருக்கின்றன. யார் குத்தினார், ஏன் குத்தினார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு வில்லியம் ஷெல்டன் என்பவர் வந்தார். மனிதர்களின் உடல்வாகை ரகம் பிரித்துப் பெயர் வாங்கிய இவர், செண்டுகளையும் ரகம் பிரித்து, எண் கொடுத்து, 1949-ல் புத்தகம் போட்டார். காசின் நிலைமைக்கு 1 முதல் 70 வரை மார்க்குப் போடும் வழக்கமும் அவருடையதுதான். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. அவர் 1977-ல் காலமானார். அப்புறம்தான் குட்டு உடைந்தது. நியூயார்க்கில் இருந்த அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெட்டிகளிலிருந்து நல்ல நல்ல செண்டுகளை எடுத்துக் கொண்டு, அதே அச்சு ரகத்தில் தம்மிடம் இருந்த மட்டமான காசுகளை அங்கே வைத்திருக்கிறார் மனிதர். ரகமும் சரி, எண்ணிக்கையும் சரி. யாருக்குச் சந்தேகம் வரும்? பழைய புகைப்படங்களோடு காசுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றின் வடுவும் கீறலும் மாறியிருப்பது தெரிந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய், 1990-களில் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அச்சு அடையாளத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவரை, காசுகளின் அங்க அடையாளமே காட்டிக் கொடுத்துவிட்டது!

அந்த அமெரிக்கச் செண்டுக்கும் நம் சென்னை ராஜதானிக்கும் ஓர் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்கர்கள் பல வருஷங்கள் செப்பு வில்லைகளை இங்கிலாந்தில் மாத்யூ போல்டனின் சோஹோ தொழிற்சாலையிலிருந்து வரவழைத்தார்கள். அதே தொழிற்சாலையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை ராஜதானிக்காக 1803-லும் 1808-லும் செப்புக் காசுகள் அடித்தது. நீராவி யந்திரத்தில் அடித்த காசு. நம் ஜனங்கள் அதுவரை கண்டிராத வழவழப்பு, ஒழுங்கான வட்டம். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை. மறு பக்கம், 20 காசுக்கு 4 பலூஸ் என்று பாரசீகத்தில் கணக்கு. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று மனக்கணக்குப் போட்ட நாள் அது. 1809 ஜனவரியில், 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1808-ஆம் வருஷத்துக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக் கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்துக் கரை ஓரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மோதி முழுகிப் போயிற்று. 1980-களில் முக்குளித்து லட்சக் கணக்கில் எடுத்தார்கள். சென்னைக்காக அடித்துச் சென்னைக்கு வந்தே சேராத அந்தக் காசுகள் இப்போது உலகமெங்கும் சேகரிப்பவர்களிடம் பளபளவென்று இருக்கின்றன. நம் வீடுகளில் இருப்பவை வந்து சேர்ந்து, சந்தைக்குப் போய், மடியில் முடிந்து, தேய்ந்த காசுகள். எனக்கு என்னவோ தேய்ந்ததுதான் பிடிக்கிறது.

செம்பைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தால் தங்கத்துக்குக் கோபம் வரும். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாமி, பேத்தி கல்யாணத்துக்காகப் பாட்டி காலத்துக் காசுமாலையை அழித்து நெக்லஸ் பண்ணப் போவதாகச் சொன்னார். பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பார்க்கறதுக்கு என்னம்மா இருக்கு? பதினெட்டுக் காசு, பதினெட்டுப் பவுன். எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் மாமி.

"ஒண்ணு இல்லே மாமி. இந்தக் குதிரைக்காரன் காசிலே 1918-னு வருஷம் போட்டிருக்கு இல்லையா? அதுக்கு நேர் மேலே, தரையிலே, பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்கோ."

"எறும்பு மாதிரி ஏதோ நிக்கறது."

"அது ஆங்கில 'ஐ' எழுத்து. இந்தியா! இந்தப் பவுன் லண்டன்லே அடிச்சதில்லே, பம்பாயிலே அடிச்சது."

யுத்த காலத்தில் கப்பலில் தங்கம் அனுப்புவது ஆபத்தாகிவிடவே, லண்டன் நாணயசாலை பம்பாயில் ஒரு கிளை வைத்தது. அங்கே 1918 என்ற ஒரே வருஷத்தைப் பொறித்து சுமார் 13 லட்சம் பவுன்கள் அடித்தார்கள். கிளையையும் விரைவிலேயே மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் பவுனாக இருந்தால் மெல்போர்னுக்கு 'எம்', ஸிட்னிக்கு 'எஸ்', பெர்த்துக்கு 'பி' என்று எழுத்து இருக்கும்.

மாலையில் இன்னொரு காசு விக்டோரியா ராணி தலை, பின்பக்கம் கேடயம். வருஷம் 1872. கேடயத்துக்குக் கீழே, இலைக் கொத்துக்கும் சின்னப் பூவுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டாத அளவில் 47 என்று ஓர் எண். 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த கேடயப் பவுன்களில் இப்படி அச்சின் எண்ணையே பொறித்தார்கள். எந்த அச்சு எத்தனை அடித்தது, எது கெட்டது என்று கணக்கு வைத்துக் கொள்வதற்காக. மற்றக் காசுகளில் மூக்கையும் காதையும் பார்த்துப் பண்டிதர்கள் கண்டுபிடிக்கிற விஷயத்தை இந்தக் காசு தானாகவே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

"நாற்பத்தேழாம் நம்பர் அச்சா? அப்போ இதோட கூடப் பிறந்ததெல்லாம் இப்போ எங்கெங்கே இருக்கோ!" என்று மாமி கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. கொஞ்சம் கழித்து, "கொக்கி வச்சுப் பத்த வச்சுட்டாளே, மதிப்புப் போயிடுத்தா?" என்று கேட்டார். சேகரிப்பவர்கள் கொக்கி வைத்த காசுக்கு விலையைக் குறைப்பார்கள்தான். ஆனால் தங்கம் எங்கும் போய்விடவில்லை. 22 காரட், முழுப் பவுனுக்கு 7.98 கிராம், தேய்மானம் போகப் பாக்கி. மாமி பதினாறு காசுகளைத் தட்டானுக்குக் கொடுக்கவும், இரண்டைத் தனியாக எடுத்துப் பட்டுத் துணியில் முடிந்து பேத்தியின் பெட்டியில் போடவும் முடிவு செய்தார். காசுமாலை வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மாலையில் உள்ள காசெல்லாம் அசல் பவுனாக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் மாதிரிக்கு அடித்த மெல்லிய காசுகளும் கலந்திருக்கும். எடை காட்டிக் கொடுத்துவிடும்.

வெள்ளி ரூபாயில் ஒரு வேடிக்கை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை. அச்சு வெட்டியவர் துதிக்கையைக் கட்டையாக வெட்டிவிட்டார். ஜனங்கள் கண்ணுக்கு அது பன்றியாகப்பட்டது. ஒரே கூச்சல்! வெளியே விட்டதை நிறுத்தி, பெரும்பாலானவற்றை உருக்கி, 1912-ல் துதிக்கையை நீட்டிப் புது அச்சுப் போட்டார்கள். வீட்டில் 1911 ரூபாய் இருந்தால் அங்கியைப் பாருங்கள்.

2020-ஆம் வருஷம் பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் நிறையத் தங்கக் காசு கிடைத்தது நினைவிருக்கும். 505 காசுகள், மொத்த எடை 1.716 கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு காசு ஏறக்குறைய 3.4 கிராம், வராகன் எடையோடு ஒத்து வருகிறது. அத்தனை தங்கமா என்று ஊரே வாயைப் பிளந்தது. அச்சுப் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும் கேள்வியே வேறு. இவற்றில் எத்தனை காசுகள் ஒரே அச்சு? பெரும்பாலும் ஒரே அச்சு என்றால், அது நாணயசாலையிலிருந்து வந்த பையை அப்படியே புதைத்ததாக இருக்கலாம். வேறு வேறு அச்சு, வேறு வேறு தேய்மானம் என்றால், பல கை மாறி, வருஷக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்று அர்த்தம். இந்த மாதிரிப் புதையல் யார் வீட்டுக் கொல்லையில் கிடைத்தாலும் சரி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. கரூர் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்கள் கண்ணில் பட்டுக் கைமாறிய காசுகளிலிருந்துதான் 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்ற சேர மன்னர்கள் பெயரெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் தேய்க்கும்போது, புளியும் சாம்பலும் போட்டுப் பழங்காசையும் சேர்த்துத் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. செப்புக் காசின்மேல் படிந்த கபில நிறம் அழுக்கல்ல, அதற்குத் தோல் மாதிரி. புளி அந்தத் தோலோடு மயிரிழை விரிசலையும் குட்டிப் புள்ளியையும் சேர்த்து அரித்துவிடும். அப்புறம் எந்த அச்சு என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்ட 'கம்பெனி அணா', 1818-ஆம் வருஷத்தது, லட்ச ரூபாய் பெறும், அரிசியை இழுக்கும் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசி இழுக்கிற சாமர்த்தியம் காசுக்குக் கிடையாது. உங்கள் பணத்தை இழுக்கிற சாமர்த்தியம் கொண்டு வந்தவருக்கு உண்டு.

வீட்டிலேயே பார்ப்பதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது, காசை விளிம்பில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டித் தெரியும். கோடு மேடாக இருந்தால் அது அச்சில் விழுந்த விரிசல், அதாவது பிறவி மச்சம். பள்ளமாக இருந்தால் பிறந்த பிறகு பட்ட காயம். எந்த எழுத்துக்கு நேரே எந்தப் புள்ளி நிற்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துக் கொண்டு ஒரு நடை போய் வரலாம். உங்கள் காசைக் கையில் எடுத்துப் போக வேண்டியதில்லை. மெல்லிய காகிதத்தைக் காசின்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேய்த்தால் காகிதத்தில் அப்படியே உரு விழும். இரண்டு காசின் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். புள்ளிகளும் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நின்றால், இரண்டும் ஒரே நாழித் தேன்குழல்.